நான் கூட்டிச் சொன்ன ஒரு வரி

பெருந்துறைத் தொழிற்பேட்டையில் என் நண்பனுக்கு ஒரு மில் இருக்கிறது. அங்கே அவன் நாற்காலிக்குப் பின்னால் சுவரில் ஒரு போட்டோ மாட்டியிருக்கிறான். குத்துவிளக்கின் முன்னால் இரண்டு பேர் ஒரே மெழுகுவத்தியைப் பிடித்திருக்கிறார்கள். ஒருவர் நரைத்த தலை ஜப்பான்காரர். இன்னொருவர் சீனாவிலிருந்து வந்த பெண். கீழே பொன்னெழுத்தில் 'ஒரே தீபம்' என்று போட்டிருக்கிறது. மில்லுக்கு வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு அவனைப் புகழாமல் போவதில்லை. போன டிசம்பரில் அதையே போனில் ஸ்டேட்டஸாகவும் வைத்திருந்தான். படத்தின் வலது ஓரத்தில் பாதிக் காதும் ஒரு தோளும் தெரியும். அது நான்.

படத்தை ஓரம் வெட்டியவன் அந்தக் காதையும் சேர்த்து வெட்டித் தொலைத்திருக்கலாம். அந்த ஸ்டேட்டஸைப் பார்த்த அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

நான் கோயமுத்தூர் கோட்டைமேட்டுக்காரன். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் வியாபாரம் ரத்தத்தில் இருக்கிறது, எனக்கு மட்டும் வாயில் இருக்கிறது. மாமாவின் கொள்முதல் ஆபீசைப் பார்த்துக்கொள்ளச் சீனாவுக்குப் போனவன் ஏழு வருடம் அங்கேயே இருந்தேன். வியாபாரம் வரவில்லை, சீனமொழி வந்துவிட்டது. கொரோனாவோடு ஊர் திரும்பினேன். அப்புறம் சீன மெஷின் வந்திறங்கும் மில்களில் எல்லாம் எனக்கு வேலை. அவர்கள் சொல்வதை நம்மவர்களுக்கும், நம்மவர்கள் சொல்வதை அவர்களுக்கும் சொல்வது. இந்த வேலையில் நான் ஒரே ஒரு ஒழுக்கத்தைத்தான் விடாமல் வைத்திருந்தேன். சொன்னதை அப்படியே சொல்வேன். கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன். முதலாளி திட்டினால் திட்டாகவே சொல்வேன். இதனால் சில மில்களில் என்னைத் திரும்பக் கூப்பிடவில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

மில் வைத்திருக்கும் நண்பனும் நானும் கல்லூரியில் ஒரே பெஞ்ச். அவன் கவுண்டர் வீட்டுப் பிள்ளை. காட்டை உழுத குடும்பம், அவன் அப்பா காலத்தில் தறி போட்டார்கள். நோன்புக் கஞ்சி குடிக்க எங்கள் வீட்டுக்கு வருவான். தைப்பொங்கலுக்கு அவர்கள் தோட்டத்துக் கரும்பு எங்கள் வாசலுக்கு வந்துவிடும். தனியாக இருக்கும்போது என்னை 'மாப்ள' என்பான். நாலு பேர் முன்னால் 'பாய்' என்பான். அதை நான் எப்போதும் தப்பாக எடுத்துக்கொண்டதில்லை.

அவன் சீனாவிலிருந்து வாங்கிய, நாடா இல்லாமல் ஓடும் ரேப்பியர் தறிகளைப் பூட்டி ஓட்டிக் கொடுக்கத்தான் அந்தப் பெண் வந்தார். விசா கிடைக்கவே மாதக்கணக்கில் ஆகியிருந்தது. ஐம்பது வயது இருக்கும். குட்டையான உருவம், நரைத்த கிராப்பு, கையில் எந்நேரமும் ஒரு வெந்நீர் பிளாஸ்க். தொழில் தெரிந்தவர்களைச் சீனாவில் 'ஷிஃபு' என்று கூப்பிடுவார்கள், நம் ஊரில் மேஸ்திரி என்பதுபோல மரியாதையான சொல். நான் அவரை ஷிஃபு என்றேன். தறிக்காரர்கள் இரண்டே நாளில் 'சீனாக்கா' ஆக்கிவிட்டார்கள். ஷிஃபு என்னைத் தம்பி என்றார். கைகுலுக்கியபோதே கவனித்தேன், உள்ளங்கை காய்ப்புக் காய்த்துப் பாறையாக இருந்தது. நீளவாட்டில் ஓடும் பாவு இழை ஒன்று தளர்ந்திருந்தால் பார்க்காமலேயே காதில் கண்டுபிடிப்பார். எங்கள் ஃபிட்டர், உலகத்தில் யாரையும் மதிக்காதவர், ஷிஃபுவைக் கண்டால் பீடியை மறைத்துக்கொண்டார்.

பூட்டுகிற வேலை முடிகிற சமயத்தில் நண்பன் ஜோசியரிடம் நாள் பார்த்தான். கார்த்திகை தீபத்தன்று காலை ஒன்பதேகாலுக்கு முதல் தறியை ஓட்டவேண்டும் என்று வந்தது. இங்கே எவ்வளவு பெரிய மெஷினாக இருந்தாலும் நல்ல நேரத்தில் விளக்கேற்றி, பூசணிக்காய் உடைத்து, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்த பிறகுதான் சுவிட்சைத் தொடுவார்கள். அந்த வருடம் தீபம் டிசம்பர் பதிமூன்றில் வந்தது. தேதியைச் சொன்னதும் ஷிஃபு கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

ஷிஃபுவின் ஊர் நான்ஜிங். 1937-ல் ஜப்பான் படை அந்த நகரத்துக்குள் நுழைந்து ஆயிரக்கணக்கில் கொல்லத் தொடங்கிய நாள் அது. ஒவ்வொரு வருடமும் அன்றைக்கு நகரம் முழுக்க, நம் பழைய மில் சங்குபோல, ஒரு சங்கு ஊதுமாம். கார்கள் நிற்கும், நடக்கிறவர்கள் நின்ற இடத்திலேயே தலைகுனிவார்கள். அவர்கள் கடிகாரத்தில் பத்து மணி ஒரு நிமிடம். நம் கடிகாரத்தில் ஏழு முப்பத்தொன்று.

பிறகு மூடிவைத்த தறியின் மேல் சாய்ந்துகொண்டு அவருடைய வீட்டுக் கதையைச் சொன்னார். தாத்தாவின் அண்ணன் பட்டு நெசவாளர். படை நெருங்கியபோது தெருக்காரர்களோடு சேர்ந்து கோட்டை வாசலை அடைக்க மண்மூட்டை சுமந்தவர். நகரம் விழுந்த பிறகு, தப்பிக்க வழியில்லாமல் வந்த இரண்டு சீனச் சிப்பாய்களைத் தன் தறிக்குழிக்குள் இறக்கிப் பலகை போட்டு மூடினார். மேலே உட்கார்ந்து நாள்கணக்கில் நெய்தார். காலுக்குக் கீழே இரண்டு உயிர். குழித்தறி என்றதும் எனக்கு நம் பக்கத்துக் கைத்தறி ஊர் சென்னிமலை ஞாபகம் வந்தது.

ஜப்பான்காரர்கள் தெருத்தெருவாகச் சிப்பாய்களைத் தேடினார்கள். உள்ளங்கையில் காய்ப்பு இருந்தால் துப்பாக்கி பிடித்த கை என்பது அவர்கள் கணக்கு. அவர்களோடு பக்கத்துத் தெரு ஆள் ஒருவன் வந்தான். அவர்களுடைய பேச்சு அவனுக்குத் தெரியும். வந்து பதிந்துகொள்ளுங்கள், கையைக் காட்டிவிட்டுச் சீட்டு வாங்கிக்கொண்டு திரும்பிவிடலாம், வந்து பதிந்துகொண்டவர்களின் வீட்டைச் சோதனை போடமாட்டார்கள் என்று ஊர்ப் பேச்சில் சொன்னான். தாத்தாவின் அண்ணன் எழுந்து போனார். தறி பிடித்துக் காய்த்த கையை நீட்டினார். திரும்பி வரவில்லை. வீட்டைச் சோதனை போடவுமில்லை. குழியிலிருந்த இரண்டு பேரும் ஆற்றைக் கடந்து போய் மறுபடி சண்டையில் சேர்ந்தார்கள். போர் முடிந்தபின் அவர்களில் ஒருவர் ஒவ்வொரு வருடமும் அந்த நாளில் வந்து தறிக்குழி ஓரத்தில் பூ வைத்துவிட்டுப் போவாராம்.

"எங்கள் வீட்டில் இன்னும் ஒரு சண்டை தீரவில்லை, தம்பி" என்றார். "அவர் நம்பிப் போனாரா, தெரிந்தே போனாரா? பாட்டி, நம்பிப் போனார் என்பார். தாத்தா, தெரிந்தே போனார் என்பார். அப்பாவும் அதையேதான் சொல்வார். எனக்கும் அப்படி நினைக்கத்தான் பிடிக்கும்."

அப்புறம் ஒரு விஷயம் கேட்டார். அந்த மாதம் ஜப்பான்காரர்கள் மில்லுக்கு வருவதாகத் தறிக்காரர்கள் பேசிக்கொண்டது அவர் காதுக்கும் எட்டியிருந்தது. படுக்கை விரிப்பு வாங்குகிற கம்பெனி. வரட்டும், அவர்களுக்கு நானே தறியை ஓட்டிக் காட்டுகிறேன், அவர்கள்மேல் எனக்கு ஒன்றுமில்லை என்றார். அந்த ஒரு நாள் மட்டும் வேண்டாம். அன்றைக்கு ஒரு ஜப்பானியரைப் பார்த்துச் சிரிக்கிற முகம் தன்னிடம் இல்லை. அவ்வளவுதான் கேட்டார்.

நண்பனிடம் போய்க் கதை முழுவதையும் சொன்னேன். கேட்டு முடித்தபோது அவன் கண் கலங்கியிருந்தது. அது நடிப்பில்லை, இப்போதும் சொல்வேன். ஜப்பான்காரர்கள் தீபத்தன்று வரமாட்டார்கள், அடுத்த வாரம்தான் என்றான். மறுநாள் அவன் மேஜைக்குப் பின்னால் ஒரு ஃபிளெக்ஸ் சுருட்டி நிறுத்தியிருந்தது. விளிம்பில் வெள்ளைத் துணியும் சிவப்பு வட்டத்தின் ஒரு கீற்றும் தெரிந்தன. ஜப்பான் கொடி. நேராகவே கேட்டேன்.

"மாப்ள, அது அடுத்த வாரத்துக்கு அடிச்சு வெச்சது. அன்னைக்கு அவிய யாரும் வரமாட்டாங்க. எம்மேல நம்பிக்கை இல்லையா?" என்று கையை நீட்டினான். நான் என் கையை அதில் வைத்தேன். அழுத்திப் பிடித்தான். "அந்தக்காகிட்டத் தெகிரியமாச் சொல்லிப்போடு" என்றான்.

ஷெட்டுக்குப் போய்ச் சொன்னேன். "அன்றைக்கு அவர்கள் வரமாட்டார்கள் என்று முதலாளி சொல்கிறார்." அதோடு நிறுத்தியிருக்கவேண்டும். அவன் சொன்னது அவ்வளவுதான். ஷிஃபு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தச் சிவப்புக் கீற்று என் கண்ணைவிட்டுப் போகவில்லை. அதை மறப்பதற்காகவோ என்னவோ, இத்தனை வருடத்தில் முதல்முறையாக நான் ஒரு வரி கூட்டிச் சொன்னேன். "அதற்கு நான் பொறுப்பு." ஷிஃபு தலையாட்டிவிட்டு ஸ்பேனரை எடுத்துக்கொண்டார்.

தீபத்தன்று காலை தூறல் விட்டுவிட்டுப் போட்டது. ஷிஃபு ஏழு மணிக்கே புது ஷெட்டுக்கு வந்துவிட்டார். நெஞ்சில் ஊதா நிறத்தில் ஒரு சின்னப் பூ குத்தியிருந்தார். அவர்கள் ஊரில் அன்றைக்கு எல்லோரும் குத்திக்கொள்வதாம். ஒரு ஓரத்தில் தனியாக நிற்பார் என்றுதான் நினைத்தேன். பாவு பிணைக்கிற சென்னிமலைப் பெண் ஒருத்தி என்னிடம் வந்தாள். "ஏனுங்ணா, சீனாக்கா யாருக்கோசரம் நிக்கறாங்க?" என்று கேட்டாள். தறிக்குழிக் கதையைச் சுருக்கமாகச் சொன்னேன். அவள் அப்பாவும் குழித்தறி நெய்தவர்தான்.  "அப்ப நாங்களும் நிக்கறமுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

சாயங்காலத்துக்கு வாங்கி வைத்திருந்த அகல்களில் ஒன்றை எடுத்து எண்ணெய் விட்டுப் புதுத் தறியின் காலடியில் ஏற்றினாள். நான்கைந்து பேர் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து நின்றார்கள். ஏழு முப்பத்தொன்றுக்குத் திடீரென்று பக்கத்துப் பழைய ஷெட்டில் சத்தம் அடங்கியது. ஃபிட்டர் அத்தனை தறியையும் நிறுத்தியிருந்தார். அவரிடம் யாரும் கேட்கவில்லை. ஓடுகிற தறியை நிறுத்தி ஓட்டினால் துணியில் குறுக்கே ஒரு கோடு விழும், அந்தத் துணி கழிவில்தான் போகும். அது தெரிந்துதான் நிறுத்தினார். அந்த மில் முழுவதும் அடங்கி நான் அதற்குமுன் கேட்டதில்லை. கூரைமேல் தூறல் விழுவது கேட்டது. ஷிஃபு தலைகுனிந்து நின்றார். நான் மொழிபெயர்க்க ஒன்றுமே இல்லை. முடிந்ததும் அந்தச் சென்னிமலைப் பெண்ணின் கையைத் திருப்பி, உள்ளங்கையைக் கட்டைவிரலால் ஒருமுறை தடவிவிட்டு விட்டார். எனக்குப் பெருமையாக இருந்தது. நம் ஊரைப் பற்றி, நம் மனிதர்களைப் பற்றி, என் நண்பனைப் பற்றியும்கூட.

ஒன்பது மணிக்கு வாசலில் மூன்று கார்கள் வந்து நின்றன.

முதல் காரின் கதவு திறந்தது. நண்பன் பட்டு வேட்டியும் மாலையுமாக ஓடிப்போய் அவர்களை வரவேற்றான். நான்கு ஜப்பான்காரர்கள், சென்னையிலிருந்து வந்த அவர்களுடைய மொழிபெயர்ப்பாளர், பின்னாலேயே கேமராவோடு இரண்டு பேர். அந்த ஃபிளெக்ஸ் எப்போது வாசலில் ஏறியதென்று எனக்குத் தெரியாது. வயதான ஜப்பான்காரர் ஷூவைக் கழற்றி, வெளியே பார்த்தமாதிரி ஜோடியாகத் திருப்பி வைத்துவிட்டு உள்ளே வந்தார். நாதஸ்வர சிடி ஓடியது. ஷிஃபு விளக்குக்குப் பக்கத்தில், அவரை நிற்கச் சொன்ன இடத்தில், நின்றிருந்தார்.

நண்பன் மெழுகுவத்தியை அந்தப் பெரியவர் கையில் கொடுத்தான். பிறகு என் பக்கம் திரும்பினான். "பாய், அக்காவையும் சேர்ந்து புடிக்கச் சொல்லுங்க. ரெண்டு நாடும் ஒரே விளக்கை ஏத்தட்டும்." கேமராக்காரன் குனிந்து தயாரானான்.

நான் அதை மொழிபெயர்க்கவில்லை. சொல்லவேண்டிய அவசியமும் இருக்கவில்லை. ஷிஃபு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபமில்லை. திகைப்புகூட ஒரு நொடிதான் இருந்தது. பிறகு கூட்டத்தைப் பார்த்தார். சென்னிமலைப் பெண்ணும் ஃபிட்டரும் புதுச் சட்டை போட்ட தறிக்காரர்களும் தறி ஓடுவதைப் பார்க்கக் காத்திருந்தார்கள். அவர்களுக்காகத்தான் என்று நினைக்கிறேன், கையை நீட்டி மெழுகுவத்தியின் அடியைப் பிடித்தார். பெரியவரின் கண் அந்த ஊதாப் பூவில் விழுந்தது. அவருக்கு அது என்னவென்று தெரிந்திருக்கிறது. முகம் மாறியது. தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னார். அதை யாரும் யாருக்கும் மொழிபெயர்க்கவில்லை. திரி பற்றிக்கொண்டது. எல்லோரும் கை தட்டினார்கள். ஷிஃபு போய்த் தறியை ஓட்டினார். ஒரு இழை அறுபடாமல் ஓடியது.

பந்தியில் அவனைத் தனியாக இழுத்துப் பிடித்துக் கேட்டேன். அவனுக்கு என் கோபமே புரியவில்லை. முதலில் அவர்களை அடுத்த வாரம்தான் வரச் சொல்லியிருந்தானாம். நான் கதையைச் சொன்ன பிறகுதான் இந்த யோசனை வந்து, நாளை மாற்றினானாம். பகையான இரண்டு பேரை நம் விளக்கு முன்னால் சேர்த்து வைத்தால் அது எவ்வளவு பெரிய புண்ணியம் என்றான். இலை போட்டு ஒன்றாக உட்காரவைத்தால் எந்தப் பங்காளிச் சண்டையும் தீர்ந்துவிடும் என்பது அவர்கள் குடும்பத்தில் ஊறிய நம்பிக்கை. அதை அவன் தூக்கிக்கொண்டு போய் நான்ஜிங்கின்மேல் வைத்துவிட்டான். கேமராக்காரர்களையும் மறக்காமல் கூப்பிட்டிருந்தான்.

"சரி. எங்கிட்ட ஏன் பொய் சொன்னே?" என்றேன்.

"உங்கிட்ட நெசத்தச் சொன்னா நீ அப்படியே போய்ச் சொல்லிப்போடுவே. உனக்குப் பொய் சொல்ல வராது மாப்ள. நீ சொன்னாத்தான் அந்தக்கா நம்பும்" என்றான். என்னைப் பாராட்டுவதுபோல என் தோளைத் தட்டினான்.

என்னை இதைவிடக் கேவலமாக யாரும் பயன்படுத்தியதில்லை. நான் உண்மை பேசுகிறவன் என்பதையே எடுத்து, பொய்க்குப் பூசும் பூச்சாக்கிவிட்டான். அழுத்திப் பிடித்த அந்தக் கையை நினைத்தால் இன்றைக்கும் என் உள்ளங்கை எரிகிறது. சாப்பிடாமல் கிளம்பி ஜும்மாவுக்குப் போனேன். தொழுகையில் மனம் நிற்கவில்லை. அவனைத் திட்டத் திட்ட, 'அதற்கு நான் பொறுப்பு' என்பதே திரும்பத் திரும்ப வந்தது. அதை அவன் சொல்லச் சொல்லவில்லை. ஃபிளெக்ஸின் சிவப்புக் கீற்றைப் பார்த்தவன் நான். பார்த்துவிட்டும் கூட்டிச் சொன்னேன்.

சாயங்காலம் மில் சுவர் முழுக்க அகல் வைத்திருந்தார்கள். ஷிஃபு கடைசித் தறியின் அடியில் உட்கார்ந்து எதையோ முறுக்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து நடந்ததைச் சொன்னேன். என்னை ஏமாற்றிவிட்டார்கள் என்றேன். முடிக்கும்வரை கேட்டார். பிறகு சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து ஏதோ தட்டினார். போன் பெண் குரலில், மரத்தால் செய்த தமிழில் பேசியது. "பத்து எண் திருகாணி வேண்டும். தயவு செய்து ஃபிட்டரிடம் கூறவும்."

மிச்சமிருந்த பத்து நாளும் அப்படித்தான். ஃபிட்டரிடம் போன் பேசியது. சென்னிமலைப் பெண்ணிடம் போன் பேசியது. என்னிடமும் போன்தான் பேசியது. கன்னாபின்னாவென்று தப்பு. பாவு நூலை ஒருமுறை வேத நூல் என்றது, சீனத்தில் இரண்டுக்கும் ஒரே எழுத்து. எல்லோரும் சிரித்தார்கள், ஷிஃபுவும் சிரித்தார். நான் பக்கத்திலேயே சும்மா நின்றேன். ஒருமுறைகூட என்னைத் திருத்தச் சொல்லவில்லை. போன் தப்பாகச் சொல்லும், ஆனால் தெரிந்தே சொல்லாது என்று நானாகவே நினைத்துக்கொண்டேன்.

கிளம்புகிற அன்று கோயமுத்தூர் விமான நிலையத்துக்கு நான்தான் வண்டி ஓட்டினேன். நண்பன் நினைவுப் பரிசு என்று பெரிதாக ஒன்றைப் பொதிந்து கொடுத்திருந்தான். என்னவென்று தெரியும், அந்தப் போட்டோதான். ஷிஃபு அதைப் பின்சீட்டிலேயே விட்டுவிட்டு இறங்கினார். சென்னிமலைப் பெண் கொடுத்த மண் அகலை மட்டும் துண்டில் சுற்றிக் கைப்பையில் வைத்திருந்தார்.

பெட்டியை இறக்கிக் கொடுத்துவிட்டு மன்னிப்புக் கேட்டேன். அவன் சார்பில் இல்லை. ஒரு வரி கூட்டிச் சொன்னதற்காக. ஷிஃபுவின் கை போனுக்குப் போனது. எடுத்தார். பிறகு என்ன நினைத்தாரோ, அதைத் திரும்பப் பைக்குள் வைத்துவிட்டு, பத்து நாளைக்குப் பிறகு சீனத்தில் என்னிடம் பேசினார்.

"எங்கள் வீட்டுச் சண்டையைச் சொன்னேன் இல்லையா, தம்பி. ஊருக்குப் போனதும் அப்பாவிடம் தீர்த்து வைத்துவிடுவேன்" என்றார். "தாத்தாவின் அண்ணன் தெரிந்தெல்லாம் போகவில்லை. தன் மொழியில் ஒருவன் சொன்னதை நம்பித்தான் போயிருக்கிறார்."